ரொறன்ரோ பின்வளவுத் தோட்டம்: வசந்தகாலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கமெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பின்வளவில் மரக்கறி போடுகிறவர்கள் கேட்டதைக் கேட்ட மாதிரியே கீழே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

1. எப்ப நடத் தொடங்கலாம்? ஒரு தேதி மட்டும் சொல்லுங்கோ.

ஒரு தேதி போதாது, இரண்டு வேண்டும். பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, வெந்தயம், கொத்தமல்லி, வெங்காயம் போன்ற குளிர் தாங்குகிற பயிர்களுக்கு ஏப்ரல் நடுப்பகுதி. தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டி, பாகல், புடலை, பயற்றை போன்ற சூடு கேட்கிற பயிர்களுக்கு விக்ரோறியா தினத்தை ஒட்டிய நாட்கள். அந்த விடுமுறைத் திங்கட்கிழமை மே 18க்கும் 24க்கும் இடையில் வரும்.

விக்ரோறியா தினம் இங்கே ஒரு வழக்கம், அவ்வளவுதான். அதை யாரும் உத்தரவாதமாக எடுக்கக் கூடாது. பல ஆண்டுகளில் கடைசி உறைபனி மே முதல் பாதிக்குள் முடிந்துவிடும். ஆனால் 2020இல் மே 9ஆம் தேதி இந்தப் பகுதியில் ஸ்னோவே பறந்தது. வெண்டி, பாகல், கத்தரி மூன்றையும் அந்த லோங் வீக்கெண்ட் கழிந்து இன்னொரு வாரம் பொறுத்து நட்டாலும் ஒரு நட்டமும் இல்லை.

2. ஏப்ரல் கடைசியில 20 பாகை வெயில் அடிக்குது, கடையிலயும் தக்காளிக் கண்டு வந்திட்டுது. நட்டால் என்ன?

கடையில் கன்று வந்துவிட்டது என்பதற்காக உங்கள் மண் சூடாகிவிடவில்லை. பகல் வெயிலைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய பிழை. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: அடுத்த 10 நாட்களின் இரவு வெப்பநிலை, காலையில் மண்ணின் வெப்பநிலை. தக்காளிக்கு இரவு 10 பாகைக்குக் குறையக் கூடாது, மண் 15ஐத் தொட்டிருக்க வேண்டும்.

குளிர்ந்த மண்ணில் வைத்த கன்று உடனே சாகாது. வேர் ஓடாமல், தண்ணீரையும் சத்தையும் இழுக்க முடியாமல் அப்படியே நிற்கும். மே 5இல் நட்டது விறைத்து நிற்க, மே 24இல் நட்டது பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதிக்குள் அதை எட்டிப்பிடித்துவிடும். அவசரப்பட்டு மூன்று வாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்பது கணக்கில் மட்டும்தான்.

3. மண் சூட்டை என்னத்தால அளக்கிறது?

சமையலறையில் இறைச்சி வேகும்போது குத்திப் பார்க்கிற வெப்பமானி போதும், அதன் அளவு 0 பாகையிலிருந்து தொடங்கினால். காலை 8 மணியளவில் 10 செ.மீ. ஆழத்தில் குத்தி இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். பின்னேரம் அளந்தால் வெயிலில் சுட்ட மேல்மண் பொய் சொல்லும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து அதே எண் வந்தால் நம்பலாம்.

பட்டாணியும் ஸ்பினாச்சும் 5 பாகையிலேயே முளைக்கத் தொடங்கும். உருளைக்கிழங்குக்கு 7. போஞ்சிக்கும் வெள்ளரிக்கும் குறைந்தது 15. வெண்டி, பயற்றை, முளைக்கீரை, பாகல் எல்லாம் 18க்கு மேல். 15 பாகையில் போட்ட வெண்டி விதை முளைப்பதைவிட அழுகுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

4. அப்ப ஏப்ரல் முழுக்க கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ?

இல்லை, ஏப்ரல்தான் இலைக்கறிக்கு நல்ல காலம். பட்டாணியை 3 செ.மீ. ஆழத்தில், 5 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். வெந்தயத்தைக் கடையில் வாங்கிய சமையல் விதையிலிருந்தே தூவலாம். முதல்நாள் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும், 4 வாரத்தில் கீரையாகப் பிடுங்கலாம். கொத்தமல்லி விதையை உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள். முள்ளங்கி ஏப்ரல் நடுப்பகுதியில் போட்டால் ஜூனில் சூடு வருவதற்குள் கிழங்கு பிடித்துவிடும்.

உருளைக்கிழங்கை ஏப்ரல் கடைசியில் 10 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். மே மாதம் மேலே வந்த தளிரை உறைபனி கருக்கினாலும் கீழே கிழங்கிலிருந்து திரும்ப வரும்.

5. விதைச்சு ஒரு கிழமையில ஸ்னோ கொட்டிட்டுது. எல்லாம் போச்சோ?

4ஆம் கேள்வியில் சொன்ன பயிர்கள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்னோ மண்ணுக்கு மேலே போர்வையாகக் கிடக்கும். அதற்குக் கீழே வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே நிற்கும். முளைத்த பட்டாணியும் ஸ்பினாச்சும் ஒரு இரவு மைனஸ் 3, 4 வரை தாங்கும். ஐப்பசியில் நட்ட உள்ளி முளைத்து ஸ்னோவுக்குள் பச்சையாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

உண்மையான ஆபத்து ஸ்னோ கரைந்த பிறகு வருகிறது. தண்ணீர் தேங்கினால் விதை மூச்சுவிட முடியாமல் அழுகும். 2018 ஏப்ரல் நடுவில் வந்த உறைமழை போலப் பனிக்கட்டி படிந்தால் அதைத் தட்டி உடைக்கப் போகாதீர்கள். தளிரும் சேர்ந்து உடையும், தானாகக் கரைய விடுங்கள்.

6. மிளகாயும் கத்தரியும் வீட்டுக்குள்ள எப்ப முளைக்கப் போடுறது?

வெளியே நடுகிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம், அதாவது மார்ச் நடுப்பகுதி. தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், ஏப்ரல் முதல் வாரத்துக்குள். பாகல், புடலை, வெள்ளரிக்கு 3 அல்லது 4 வாரம் போதும், ஏப்ரல் கடைசி. கொடிகளை முந்திப் போட்டால் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும், பிரிக்கும்போது வேர் அறும்.

மிளகாய் விதை முளைக்க 25 முதல் 29 பாகை மண்சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம். பேஸ்மென்ட்டில் 17 பாகையில் வைத்துவிட்டு விதை கூடாது என்று சொல்வது வழக்கமான குற்றச்சாட்டு. நாற்றுத் தட்டுக்குக் கீழே வைக்கிற சூட்டுப்பாய் ஒன்று வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும். முளைத்த அன்றே தட்டைப் பாயிலிருந்து எடுத்துவிடுங்கள், சூடு தொடர்ந்தால் நாற்று நெடுக்கும்.

7. நாற்று நூல் மாதிரி நீண்டு சரியுது. சிலது அடியில கருகி விழுகுது.

இவை இரண்டு வேறு நோய்கள். நீள்வது வெளிச்சக் குறைவு. மார்ச் மாத ஜன்னல் வெளிச்சம் போதவே போதாது. சாதாரண கராஜ் எல்.ஈ.டி. லைற்றை நாற்றுக்கு 10 செ.மீ. மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர லைற்றை உயர்த்துங்கள். நீண்டுபோன தக்காளியைத் தண்டு புதையும்படி மாற்றி நட்டுக் காப்பாற்றலாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது.

அடித்தண்டு மெலிந்து கறுத்து விழுவது பூஞ்சணம். காரணம் ஈரம் கூடுதல், காற்று குறைவு. விழுந்தது பிழைக்காது. மற்றவற்றைக் காப்பாற்ற மூடியைத் திறந்து, சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகு தட்டின் அடியில் தண்ணீர் விடுங்கள். தோட்டத்து மண்ணை நாற்றுத் தட்டில் போடவே வேண்டாம்.

8. நல்லா வளர்ந்த கண்டை வெளியில வைச்சன், இரண்டு நாளில இலை வெள்ளையாப் போச்சு. ஏன்?

வெயிலில் வெந்துவிட்டது. வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயிலும் காற்றும் புதிது. 7 முதல் 10 நாள் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், காற்று படாத மூலையில். பிறகு ஒவ்வொரு நாளும் ஓரிரு மணித்தியாலம் கூட்டி, நாலாம் நாளிலிருந்து காலை வெயில் மட்டும். கடைசி இரண்டு இரவு, வெப்பநிலை 10 பாகைக்கு மேலே இருந்தால், வெளியிலேயே விடுங்கள்.

பழக்குகிற நாட்களில் காற்றுதான் வெயிலைவிடக் கெட்டது. சின்னச் சட்டி ஒரு மத்தியானத்தில் காய்ந்து போகும். வெள்ளை விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது, ஆனால் நுனி பச்சையாக இருந்தால் கன்று தப்பும்.

9. ஃபோனில இரவு 3 பாகை எண்டுதான் போட்டிருந்தது. விடிய பார்த்தால் தக்காளி கறுத்துப் போய் நிக்குது. எப்பிடி?

வானிலை அறிக்கையில் வருகிற எண் நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில், உங்கள் வளவிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளியுள்ள நிலையத்தில் அளக்கிற காற்றின் வெப்பநிலை. உங்கள் கன்று நிற்பது தரையில். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலையும் மண்ணும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு படிந்து நிற்கும். அறிக்கையில் 3 இருக்கும்போது இலையில் மைனஸ் 1 இருப்பது சாதாரணம்.

ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் அதே பக்கத்தில் இருக்கிற மூன்று விடயங்களையும் பாருங்கள்: மேகம், காற்று, பனிப்புள்ளி (dew point, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை). வானம் வெளித்திருக்கிறது, காற்று மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் குறைவு, பனிப்புள்ளி 0 பாகை அல்லது அதற்குக் கீழே என்றால், 4 பாகை என்று போட்டிருந்தாலும் மூடுங்கள். மேகம் மூடி, காற்றும் அடித்தால் 3 பாகையில்கூடப் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பனிப்புள்ளி உயரமாக இருந்தால் இலையில் நீர் படியும்போது வெளிவருகிற வெப்பம் குளிர் இறங்குவதை மெதுவாக்கும். வறண்ட இரவுதான் எமன்.

வளவுக்குள்ளேயும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. சரிவின் அடியில், வேலி மறிக்கிற மூலையில் குளிர் தேங்கும். தெற்குப் பார்த்த செங்கல் சுவரின் அருகே ஓரிரண்டு பாகை கூடுதலாக இருக்கும். மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கிற வெப்பமானி ஒன்றைக் கன்றின் உயரத்தில் குத்தி வைத்தால், இரண்டே வாரத்தில் உங்கள் வளவுக்கும் ஃபோனுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பிடிபடும்.

10. மூடுறது எண்டால் என்னத்தால? கறுப்பு குப்பைப் பை பரவாயில்லையோ?

பொலித்தீன் இலையில் முட்டினால் முட்டின இடம் கருகும். அது சூட்டையும் அவ்வளவாகப் பிடித்து வைக்காது. பழைய கட்டில் விரிப்பு, பருத்திச் சேலை, தோட்டக் கடையில் விற்கிற வெள்ளைப் பயிர்த்துணி எல்லாம் நல்லவை. மெல்லிய பயிர்த்துணி ஒன்று இரண்டு பாகை காக்கும், தடித்தது மூன்று நான்கு. வேறு வழியில்லை என்றால் கம்பி வளைத்து, இலையில் படாமல் பொலித்தீன் போடலாம். விடிந்ததும் எடுக்க மறந்தால் பத்து மணிக்குள் உள்ளே கன்று அவிந்துவிடும்.

சூரியன் மறைவதற்கு முன்னம் மூடுங்கள். காப்பாற்றுவது துணியின் சூடு அல்ல, மண்ணிலிருந்து எழும்புகிற சூடுதான். ஆகவே துணி நாலு பக்கமும் தரையைத் தொட்டு, ஓரத்தில் கல் வைத்திருக்க வேண்டும். தண்டைச் சுற்றிக் குடுமி மாதிரிக் கட்டிவிட்டால் பலனே இல்லை. மத்தியானம் மண்ணுக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள், ஈரமண் காய்ந்த மண்ணைவிடக் கூடச் சூட்டைப் பிடிக்கும். 4 லீற்றர் கலனில் சுடுதண்ணீர் நிரப்பித் துணிக்குள் வைத்தால் இன்னும் நல்லது.

11. கறுத்த கண்டைப் பிடுங்கி எறியிறதோ?

தண்டு பச்சையாக இருந்தால் ஒரு வாரம் விடுங்கள். அதுவரை வெட்டவும் வேண்டாம், பசளை போடவும் வேண்டாம். இலைக்காம்பு கணுவில் புதுத்தளிர் வந்தால் மேலே உள்ளதை வெட்டிவிடலாம். அடித்தண்டே நீர்கோத்துத் தொய்ந்திருந்தால் போனதுதான். வெண்டியும் பாகலும் கருகினால் காத்திருக்காதீர்கள், புது விதை போடுவது வேகம்.

12. உறைபனி ஒண்டும் விழேல்ல. ஆனாலும் தக்காளி இலையின் அடி ஊதா நிறமாப் போய் வளராமல் நிக்குது.

குளிர் மண்ணில் வேர் பொஸ்பரசை எடுக்க முடியாது. மண்ணில் சத்து இருந்தும் இப்படி வரும், பசளையை அள்ளிக் கொட்டினால் மாறாது. மண் சூடாக நிறம் தானாக மாறும். நடுவதற்கு இரண்டு வாரம் முந்திப் பாத்தியைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, மண்ணோடு ஒட்டும்படி இழுத்து வைத்திருந்தால் இந்த நிலை வராது.

இன்னொன்று: தக்காளியை ஆழக் குழி தோண்டி வைக்கச் சொல்வார்கள். மே மாதத்தில் ஆழமண் குளிராக இருக்கும். அதற்குப் பதில் 8 செ.மீ. ஆழத்தில் நீளக் கான் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் படுக்க வைத்து, நுனி மட்டும் மேலே வரும்படி மூடுங்கள். புதைந்த தண்டு முழுவதும் சூடான மேல்மண்ணில் வேர்விடும்.

13. ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் இப்பவே நட்டிட்டினம். நாங்கள் மார்க்கத்துக்கு வடக்க. ஏன் பொறுக்க வேணும்?

ஒன்ராறியோ ஏரி வசந்தகாலத்தில் இரண்டு வேலை செய்கிறது. இரவில் கரையோரத்தை உறைபனியிலிருந்து காக்கும். பகலில் குளிர்காற்றை உள்ளே தள்ளி மண் சூடாவதைத் தாமதமாக்கும். அவர்களுக்கு உறைபனிப் பயம் குறைவு, ஆனால் மே மாதத்தில் வளர்ச்சியும் மெதுவு. வடக்கே போகப் போகப் பகல் சூடு கூட, தெளிந்த இரவுகளில் குளிரும் கூட. ஒரு வாரம் பத்து நாள் பிந்துவது நியாயமான கணக்கு.

கன்றுச் சட்டியில் எழுதியிருக்கிற வலய எண்ணைப் பார்த்து இதை முடிவெடுக்காதீர்கள். அந்த எண் மரமும் பல்லாண்டுச் செடிகளும் வின்டரைத் தாங்குமா என்பதற்கு. ஓராண்டுப் பயிரான தக்காளிக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை.

14. எங்கட வளவு முழுக்கக் களிமண். ஏப்ரலில கொத்தினால் கட்டி கட்டியா வருகுது.

ஈரத்தில் கொத்தியதால் வந்த வினை. ஒரு பிடி மண்ணைக் கையில் உருட்டிப் பெருவிரலால் அமத்துங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், விரலடையாளம் பதிந்து பளபளத்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். ஈரக்களியை ஒருதரம் மிதித்துக் கொத்தினால் அந்த வருடம் முழுக்க அது கல்லுத்தான்.

புதிய வீடுகளில் மேல்மண்ணே சில அங்குலம்தான் இருக்கும், அங்கே உயர்த்திய பாத்தி கட்டுவது சுலபம். அது நிலத்தைவிட வேகமாகச் சூடாகவும் செய்யும். அகலம் 1.2 மீற்றருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். 1.2க்கு 2.4 மீற்றர், உயரம் 25 செ.மீ. என்றால் கொள்ளளவு 720 லீற்றர். 25 லீற்றர் பையாக வாங்கினால் 29 பை. ஒரு கன யார் மண்ணை லொறியில் இறக்கினால் இந்தப் பாத்தி நிரம்பி இன்னும் கொஞ்சம் மிஞ்சும், விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு கொம்போஸ்ட். ஆட்டெரு மட்டும் போட்டு நிரப்பாதீர்கள்.

15. மே மாதம் திடீரெண்டு 30 பாகை. ஸ்பினாச்சும் கொத்தமல்லியும் பூத்திட்டுது.

சூடு ஒரு காரணம், பகல் நீளம் இன்னொரு காரணம். ரொறன்ரோவில் மே தொடக்கத்திலேயே பகல் 14 மணித்தியாலத்தைத் தாண்டிவிடும், ஸ்பினாச் அதைக் கண்டு பூக்கப் பார்க்கும். தடுக்க முடியாது, முந்தி அறுக்கலாம். கொத்தமல்லியை இரண்டு வாரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். அந்த இடத்தில் ஜூனில் முளைக்கீரையோ பசளியோ போடுங்கள், அவற்றுக்கு இந்தச் சூடுதான் வேண்டும்.

16. நட்ட அடுத்த நாள் காத்து அடிச்சு எல்லாம் முறிஞ்சுது. தடி எப்ப ஊன்றுறது?

நடுகிற அன்றே, கன்றுக்கு முந்தி. பிறகு குத்தினால் வேரை வெட்டுவீர்கள். 1.8 மீற்றர் தடியை 30 செ.மீ. உள்ளே இறக்கி, தண்டை எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். 2022 மே 21, விக்ரோறியா லோங் வீக்கெண்ட் சனிக்கிழமை, தெற்கு ஒன்ராறியோ முழுக்க அடித்த புயலில் மரங்களே சாய்ந்தன. அப்படி எச்சரிக்கை வந்தால் சின்னக் கன்றுகளின் மேல் வாளியைக் கவிழ்த்துக் கல் வையுங்கள். ஆலங்கட்டிக்கும் அதுதான் மருந்து.

17. வெண்டியையும் பயற்றையையும் நேரே விதைக்கிறதோ, நாற்றா வைக்கிறதோ?

இரண்டுக்கும் வேர் குழம்பினால் பிடிக்காது. நேரே விதைப்பதானால் மண் 18 பாகை வரும் ஜூன் முதல் வாரம். வெண்டியை மட்டும் முந்த விரும்பினால், மே தொடக்கத்தில் கடதாசிக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு மூன்று இலை வந்ததும் கிண்ணத்தோடு வையுங்கள், அடியைக் கிழித்துவிட்டு. குளிர் ஈரமண்ணில் போட்ட பயற்றை விதையை ஈப்புழு தின்னும். முளைத்து வந்தாலும் குருத்தில்லாமல் மொட்டையாக வரும். மண்ணைக் கிளறி உள்ளே வெள்ளைப் புழு தெரிந்தால், ஒரு வாரம் விட்டுத் திரும்ப விதையுங்கள்.

18. ஊர் அவரையும் சிறகவரையும் வேலி முழுக்கப் படர்ந்து நிக்குது. செப்டெம்பர் வந்தும் ஒரு பூ இல்லை. பசளை காணாதோ?

பசளையைக் கூட்டினால் இன்னும் இலைதான் வரும். இவை பகல் சுருங்கினால் பூக்கிற பயிர்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. இங்கே ஜூனில் 15 மணித்தியாலத்துக்கு மேல். பகல் 12 மணித்தியாலத்துக்கு இறங்குவது செப்டெம்பர் கடைசியில்தான், அப்போதுதான் பழைய ரகங்கள் அரும்பு கட்டும். ஒக்டோபரில் உறைபனி வந்து முடித்துவிடும். மே மாதம் எவ்வளவு முந்தி நட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

வழி, பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத ரகத்தைத் தேடுவது. பெங்களூரில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் அப்படிப்பட்ட குத்து அவரை. வெளிநாட்டு விதையை விதி பார்த்து, எல்லையில் சொல்லித்தான் கொண்டுவர வேண்டும். சட்டியில் நிற்கிற ஒன்றிரண்டு கொடி என்றால், ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து பின்னேரம் 6 மணிக்குக் கராஜுக்குள் இருட்டில் வைத்துக் காலை 8 மணிக்கு வெளியே எடுங்கள். மூன்று வாரத்தில் அரும்பு தெரியலாம். இடையில் லைற்றைப் போட்டால் பலன் போய்விடும். சிறகவரைக்கு இவ்வளவு பாடுபடுவது எங்கள் கணக்கில் கட்டாது, அந்த வேலியைப் பாகலுக்குக் கொடுங்கள்.

19. கறிவேப்பிலைச் சட்டியை எப்ப வெளியில எடுக்கிறது?

இரவு தொடர்ந்து 12 பாகைக்கு மேல் நின்றால், பெரும்பாலும் ஜூன் முதல் வாரம். 8ஆம் பதிலில் சொன்ன மாதிரிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் வின்டரில் வந்த இலை முழுவதும் கொட்டும். கொட்டினாலும் தண்டு பச்சையென்றால் தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பொறுங்கள், ஜூலைக்குள் துளிர்க்கும்.